எதிரே வந்த காலிக்குடம்

அறுபதுகளில் கோவில்பட்டியில் குடியிருந்தோம். அடுத்த வீட்டுச் செண்பகத்தை அவள் புருஷன் அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். "போலீசுக்குச் சொல்லுவமா?" என்று கேட்டால், "அது அவிய குடும்ப விவகாரம். நமக்கு எதுக்குட்டி?" என்று என் வீட்டுக்காரர் அடக்கிவிடுவார்.

ஒருநாள் காலையில் அவன் அவளை நோக்கி அரிவாளையே ஓங்கிவிட்டான். அவன் வேலைக்குப் போனதும் நான் குடத்தோடு கிளம்பினேன். தண்ணீர்ப் பஞ்ச காலம் அது. இடுப்பில் குடம் இருந்தால், எங்கே போகிறாய் என்று ஒரு பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனை நெருங்கும்போது ஒரு காலிக்குடம் எதிரே வந்தது. போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம்பி வளர்ந்தவள் நான். திரும்பிவிடலாமா என்று நிமிர்ந்தால், செண்பகம்!

"அக்கா, நீங்களா? வாசல் வரைக்கும் போய்ட்டு, உள்ள போகப் பயந்து திரும்பி வாரேன்."

என் பயம் போன இடம் தெரியவில்லை. அவள் கையை இறுகப் பிடித்தேன். "வாட்டி, ரெண்டு பேருமாப் போவோம்!"

வாசலில் நின்ற போலீஸ்காரர் குடங்களைப் பார்த்துவிட்டு, "இங்கன தண்ணி கிடையாதும்மா" என்றார்.

"தண்ணிக்கு வரலை அண்ணாச்சி" என்று என்னை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள் செண்பகம்.

இப்போதெல்லாம் காலிக்குடம் எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை. சுமந்து வருகிறவளின் முகத்தைப் பார்க்கிறேன்.