‘வழக்கம்போல’ என்ற சொல்லில் நின்ற விரல்

இழவுச் செய்தியை இதுவரை யாராவது வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். மலர்விழியின் செய்தியை நானே வாசித்தேன். “அக்கா விடியக்காலை போய்விட்டாள் மாமா” என்று அவள் தம்பி கைப்பேசியில் அனுப்பியிருந்தான். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

சிறுநீரக நோயோடு கொழும்பிலிருந்து நமுனுகுலவுக்குத் திரும்பியவள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்தே கணினி வேலையைத் தொடர்ந்தாள். என்ன வேலை என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். மனிதர் எழுதும் நிரலைக் கம்பைலர் என்ற இன்னொரு நிரல் முதலில் ஓர் இடைமொழிக்கு மாற்றுகிறது. எதை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்று அந்த இடைமொழியில் ஒரு வரி சொல்லும். அந்த வரியை எழுதாமல் விட்டால் கம்பைலர் தானாக எவற்றை எடுத்துக்கொள்ளும்? அவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் தேடி எழுதி வந்தாள்.

“நினைவகம்னா நம்ம லயம் மாதிரி மாமா. வரிசையா காம்பரா, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நம்பர்.”

போன வருடம் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தாள். பிள்ளைகளின் புத்தகத்தைத் தொட எனக்கு வெட்கம். அதனால் வேலைக்காகத் தான் எழுதிவந்த பக்கங்களையே தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். “புரியாத எடத்துல விரல வைங்க. தப்பு ஒங்க மேல இல்ல, எழுதினவ மேல.”

ஒருநாள் என் விரல் நின்றது. ‘எதுவும் சொல்லாவிட்டால், பெரிய எண்ணின் துண்டுகள் வழக்கம்போல அடுக்கப்படும்’ என்றிருந்தது.

“வாசிக்க வரலையா மாமா?”

“வாசிச்சிட்டேன். வழக்கம்போலன்னா, யாரு வழக்கம்?”

நான் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்தவன். “மூணாவது காம்பரா, பெருமாள்” என்பார் ஆபீஸ் கிளாக்கர் ஐயா. கதவுகளை எண்ணிக் கொடுத்துவிடுவேன். மேல் லயத்தில் கோயில் பக்கமிருந்து எண்ண வேண்டும், கீழ் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமிருந்து. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கீழ் லயத்தில் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் மூன்றாவது காம்பராவில் ஒரு பெருமாள் இருந்தார். பெண் பார்க்க வருவதாக வந்த கடிதம் ஒரு பெருமாள் வீட்டுக்குப் போனது, மாப்பிள்ளை வீட்டார் மற்றவர் வீட்டுக்குப் போனார்கள். வடை சுட்டது கடிதம் போன வீட்டில்.

மலர் இருமல் வரும்வரை சிரித்தாள். “இதுக்குத்தான் மாமா நாங்களும் அடிச்சிக்கிறோம். எந்த முனையிலேருந்துன்னு சொல்லாட்டி, ஒரு மெசின் எழுதினத இன்னொண்ணு தலைகீழா வாசிக்கும்.” ‘வழக்கம்போல’ என்பதை அடித்துவிட்டு, எந்த முனை என்று எழுதினாள். “சொல்லாம விட்டதையும் யாராவது எழுதி வைக்கணும். இல்லாட்டி புதுசா வாறவந்தான் மாட்டுவான்.”

பிறகு கேட்டாள்: “ஒங்க கையெழுத்த மொதல்ல எங்க போடுவீங்க?”

“ஆபீஸ்லதான். என்னையக் கண்டாலே மைப்பெட்டிய நீட்டுறாங்கள்ல.”

“அன்னைக்கி என்னையும் கூப்புடுங்க. நான் பாக்கணும்.”

அந்த நாள் வருமுன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பக்கத்தை அங்கே கட்டிலிலிருந்தே முடித்தாளாம்.

இழவு வீட்டில், வந்தவர்கள் இழவுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்துப் புத்தகத்தில் ஒப்பமிட்டார்கள். என் முறை வந்ததும் செயலாளர் மைப்பெட்டியைத் திறந்தார்.

“பெருவிரல நீட்டுங்க பெரியவரே.”

“யாரு வழக்கம் தம்பி?”

“என்னாது?”

“பேனாவக் குடுங்க.”

கருப்பையா. ஐந்து எழுத்து. வெகுநேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. மலர் மூன்றடி தள்ளிப் படுத்திருந்தாள்.

அவள் எழுதிய பக்கத்தை எந்தெந்த ஊரிலோ வாசிக்கிறார்களாம். அவள் அடித்துத் திருத்திய தாள் என்னிடம் இருக்கிறது. ‘வழக்கம்போல’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடுதான் இழுத்திருக்கிறாள். கோட்டுக்கு அடியில் இருக்கும் சொல்லையும் என்னால் வாசிக்க முடிகிறது.