உள்பக்கம் தம்பி பங்கு

என் வீட்டுக்காரருக்குப் படகுத்துறையில் உப்புத்தாள் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் மரம் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு துண்டை மடித்து வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாய்க்கு வைத்த பெயர் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து உரசல் வாங்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

மாமனார் விட்டுப்போனது ஒரு சின்னப் படகு. அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போய் வரும். சுக்கான் பிடிப்பது இவர், இன்ஜின் கொழுந்தன் பொறுப்பு. இரண்டு வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கொழுந்தன் ஆசையாசையாக இன்ஜின் இருக்கிற கேபின் கதவைத் தேய்த்து வார்னிஷ் அடித்து வைத்தான். அண்ணன் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறான், பாவம். இவர் எழுந்து போனார், பார்த்தார். "நாய் நக்கின மாதிரி இருக்கு" என்றார். பயணிகள் ஏறி உட்கார்ந்திருக்க, அவர்கள் கண் முன்னாலேயே சுரண்டியை எடுத்து இரண்டு பக்கத்தையும் வழித்துப் போட்டார்.

அன்றைக்குக் கொழுந்தன் சொன்னான்: "இனிமே வெளியே இருக்கிறதெல்லாம் உன் பங்கு, உள்ளே இருக்கிறதெல்லாம் என் பங்கு. என் பக்கம் உன் கை படக் கூடாது." இவரும் சரி என்றார். கதவு ஒன்றுதானே, அதை என்ன செய்வது? அதையும் பிரித்தார்கள். வெளிமுகம் அண்ணனுக்கு, உள்முகம் தம்பிக்கு. அதோடு பேச்சும் நின்றது. இருவரும் ஒரே படகில் போவார்கள், வருவார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் இவர் மணியடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவர் வருஷா வருஷம் வெளிமுகத்தைத் தேய்த்து, கண்ணாடியாக வார்னிஷ் அடிப்பார். கொழுந்தன் உள்முகத்தைத் தொடவே மாட்டான். "நான் அடிச்சா நாய் நக்கின மாதிரிதானே இருக்கும், அண்ணி" என்பான். வெறும் மரம் ஈரத்தைக் குடிக்கும், உப்பிப்போகும், வளையும். அடுத்த மழைக்குள் வெளிமுகத்து வார்னிஷும் செதில் செதிலாக உரிந்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்தால்தான் கதவு நேராக நிற்கும் என்பது இவருக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் செய்ய மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன மாதம் பரிசோதனைக்கு வந்த அதிகாரி உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். பிறகு திறக்க வரவில்லை. உள்ளே இருந்து அவர் உதைக்க, வெளியே இருந்து இவர் இழுக்க, கடைசியில் கைப்பிடிதான் கையோடு வந்தது. எப்படியோ வெளியே வந்த மனிதர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை திரும்ப வருவேன். உள்ளே இருந்து ஒரு தள்ளு தள்ளினா திறக்கணும். இல்லேன்னா படகு ஓடக் கூடாது."

இவர் கதவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு ஸ்டூல் மேல் போட்டார். உப்பின விளிம்பை இழைத்தார். வெளிமுகத்தைச் சுரண்டி, தேய்த்து, வார்னிஷ் அடித்துக் காயவைத்தார். பிறகு புரட்டிப் போட்டார். உள்முகம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அதைப் பார்த்துவிட்டு உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதையும் தேய்ங்களேன்."

"அது அவன் பங்கு."

"படகு நின்னுபோனா பங்கை வச்சு என்ன செய்யறது? இப்படியே மாட்டினா மறுபடி வளையாதா?"

"வளையட்டும்."

கொழுந்தன் வீட்டுக்கு ஓடினேன். "அண்ணன் வந்து கூப்பிடட்டும் அண்ணி, இந்த நிமிஷம் வரேன்" என்றான். இவரிடம் வந்து சொன்னேன். "நான் எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். திரும்ப அங்கே, திரும்ப இங்கே. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஓரகத்தியும் நானும் அவள் வீட்டு வாசலில் நின்று அழுதோம். கொழுந்தன் வானொலியைச் சத்தமாக வைத்தான்.

வீட்டுக்கு வந்தேன். இவர் கடைக்குப் போயிருந்தார். கதவு கிடந்தது. வந்த ஆத்திரத்தில் வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். தேய்க்கவில்லை, துடைக்கவில்லை. பூஞ்சை மேலேயே அள்ளி அள்ளிப் பூசினேன். வழிந்தது, திரண்டது, பிரஷ் முடி ஒட்டிக்கொண்டது. போகட்டும் என்று இன்னும் பூசினேன்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னடி இது?"

"கதவு."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. நான் குறுக்கே போய் நின்றேன். "கையை எடுங்க. அது உங்க பங்கு இல்ல."

உட்கார்ந்தார், எழுந்தார், கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். டீயைத் தொடவில்லை. பிறகு விருட்டென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் அவர் குரல் கேட்டது. "நீயே வந்து பாருடா, உன் அண்ணி பண்ணியிருக்கிற கூத்தை!"

மூன்று வருஷத்துக்கு அப்புறம் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. கொழுந்தன் வந்து பார்த்தான். "பிரஷ்ல அடிச்சீங்களா அண்ணி, விளக்குமாத்துல அடிச்சீங்களா?" என்றான். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுரண்டியோடு உட்கார்ந்தார்கள். "அங்க இன்னும் இருக்கு பாரு", "நீ நகரு, நான் தேய்க்கிறேன்" என்று ஒரே பேச்சு. நடுநடுவே என்னைத் திட்டினார்கள். அதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

திங்கட்கிழமை கதவு ஒரு தள்ளில் திறந்தது. படகு ஓடுகிறது. துறையில் எல்லோரும் என்னைச் சாமர்த்தியசாலி என்கிறார்கள். சாமர்த்தியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. நானும் ஓரகத்தியும் மூன்று வருஷம் அழுததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதைப் பொறுக்க முடிந்தது. ஒரு கதவில் வார்னிஷ் வழிந்ததை ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லை.