மார்கழியில் வேர்ப்பவன்

சென்னைப் பேருந்தில் டிக்கெட்டை எங்கே வைத்துக்கொள்வது என்பது எனக்கு இன்னும் தீராத பிரச்சினை. இந்த ஊர்க்காரர்கள் அதைப் பற்றி யோசிப்பதேயில்லை. கைக்கடிகாரத்தின் பட்டைக்கு அடியில் செருகிக்கொள்கிறார்கள். மோதிரத்துக்குள் மடித்துச் சொருகுகிறார்கள். உதட்டில் கவ்விக்கொண்டே சில்லறையை எண்ணுகிறார்கள். நான் லஸ் முனையில் ஏறி, டிக்கெட்டை வாங்கிய கையாலேயே மேல்கம்பியையும் பிடித்து நின்றால், தேனாம்பேட்டை வருவதற்குள் அந்தத் தாள் கூழாகிவிடும். சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, பரிசோதகர் ஏறி என்னிடம் கையை நீட்டினார். நான் உள்ளங்கையை விரித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை இருந்தது.

"இன்னா சார் இது?"

"டிக்கெட்."

"இத்தப் போயி டிக்கெட்டுன்ற? வாயில போட்டு மென்னியா?"

பின்னால் இருந்து நடத்துநர் குரல் கொடுத்தார். "எடுத்தாரு சார், லஸ்ல ஏறுனாரு. அவுருக்குக் கையில குழா கீது சார். தெறந்தா ஊத்திகினே இருக்கும். வாராவாரம் பாக்கறேன்."

பேருந்து சிரித்தது. பரிசோதகரும் சிரித்தார். பிறகு, சிரிப்பை முழுவதும் முடிக்காமலே, "எந்த ஊரு நீ?" என்றார். கூழான டிக்கெட்டிலிருந்து ஊருக்கு அவர் எப்படிப் போனார் என்பதை நான் அன்று பகல் முழுக்க யோசித்தேன். மழைக்குப் பிந்திய குளிர். மயிலாப்பூர் முதியவர்கள் மஃப்ளரும் குரங்குக்குல்லாயும் அணிந்து கச்சேரிக்குப் போகும் பருவம். அந்தக் குளிரில் வேர்க்கிற ஒருவன் எதையோ மறைக்கிறான் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

எனக்கு உள்ளங்கையும் பாதமும் வேர்க்கும். வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வகுப்பில் பரீட்சைத் தாளுக்கு மேல் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன் மேல் கையை வைத்து எழுதியது முதல் இப்படித்தான். கிரிக்கெட் விளையாடும்போது பந்தை எறிய முன் செம்மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வேன். எல்லாப் பையன்களும் தேய்ப்பார்கள், நான் கொஞ்சம் கூடுதலாக. அங்கே யாரும் அதற்குக் காரணம் கேட்டதில்லை. எங்கள் தெருவில் ஒருவனுக்கு மாறுகண், ஒருவனுக்குத் திக்குவாய், எனக்கு ஈரக்கை. அவ்வளவுதான்.

சென்னைக்கு வந்த முதல் கோடையில் நான் ஏமாந்துபோனேன். சித்திரையில் இந்த நகரம் முழுவதுமே என்னைப் போல இருந்தது. தி. நகரில் சேலைக்கடைப் படிகளில் நிற்பவர்கள், பேருந்துக் கம்பியில் தொங்குபவர்கள், கோயில் குளத்தைச் சுற்றி நடப்பவர்கள், எல்லோரும் நனைந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் தங்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள், என்னுடையது எது அவர்களுடையது எது என்று தெரியாமல். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு கூட்டத்தில் அடையாளமில்லாமல் நின்றேன். இது என் ஊராகிவிடும் என்று நம்பினேன். கார்த்திகை வந்தது. எல்லோரும் உலர்ந்துவிட்டார்கள்.

ஊரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தவன். இங்கே மயிலாப்பூரில் ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்துகிறேன். கணினியில் எழுத்துக் கோத்து, புகைப்படத் தாளில் எடுத்து, பத்தி பத்தியாக வெட்டிப் பெரிய அட்டையில் ஒட்டிப் பக்கம் அமைக்கிறார்கள். என் விரல் பட்ட பத்தி மங்கிவிடும். ஒட்டுகிற செல்வம் நல்ல மனிதர். முதல் வாரமே சொல்லிவிட்டார்: "சார், நீங்க கண்ணால பாருங்க, வாயால சொல்லுங்க. கைய மட்டும் பாக்கெட்ல வெச்சிக்குங்க." அப்படியே செய்கிறேன். பக்கத்தில் பிழை இருக்கும் இடத்தை மூக்கால் காட்டுவதற்குப் பழகியிருக்கிறேன்.

ஒரு தோல் மருத்துவரிடமும் போனேன். தி. நகரில், நெரிசலான மாடி. அவர் என் கையைப் பார்ப்பதற்கு முன் என் பேச்சைக் கேட்டார். "சிலோனா? எப்ப வந்தீங்க? நிறையப் பார்த்திருப்பீங்க, இல்ல? அந்தப் பயம் உள்ளயே தங்கிடும்." சண்டை தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எனக்கு இது இருந்தது என்று சொன்னேன். அவர் பரிவோடு தலையசைத்தார். நான் சொன்னதை ஏற்றதற்கான அசைவு அல்ல அது. ஒரு திரவமும் தூக்கமாத்திரையும் எழுதிக் கொடுத்தார். திரவம் தோலை உரித்தது. மாத்திரையை நான் வாங்கவில்லை. என் உடம்புக்கு ஒரு சாதாரணமான கோளாறுகூட வர முடியாது. அதன் பின்னால் ஒரு யுத்தம் இருந்தே ஆக வேண்டும்.

குளிர்நாடுகளுக்குப் போன நண்பர்கள் கடிதம் எழுதுகிறார்கள். "நீ கொடுத்துவைத்தவன். உனக்கு அங்கே மொழியும் ஒன்று, கோயிலும் ஒன்று." அவர்களுக்கு நான் என்ன பதில் எழுதுவது? தொண்ணூற்றொன்று மே மாதக் கொலைக்குப் பிறகு, மொழி ஒன்றாக இருப்பதுதான் இங்கே என் தொல்லை என்றா? அங்கே வாயைத் திறந்தால் அந்நியன் என்று மட்டும் தெரியும். இங்கே வாயைத் திறந்தால் எந்த அந்நியன் என்று தெரிந்துவிடும். வீட்டுச் சொந்தக்காரர்கள் "வாடகைக்கு" என்ற பலகையை நம் கண்முன்னாலேயே கழற்றுவார்கள்.

எனக்கு வீடு அவசரமாகத் தேவைப்பட்டது. மனைவி ரஞ்சியும் மகள் தாரணியும் கே.கே. நகரில் ரஞ்சியின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில், இரண்டு அறைகளில் ஒரு கூட்டத்தோடு இருந்தார்கள். நான் அலுவலகத்துக்கு மேலே ஓர் அச்சுக்கிடங்கில் படுத்தேன். ஞாயிறு மட்டும் போய்ப் பார்ப்பேன். அண்ணனின் குடும்பம் ஜெர்மனிக்குப் போகும் ஏற்பாட்டில் இருந்தது. அவர்கள் போனால் அந்த வீடும் போய்விடும்.

கஜபதி என்ற தரகர் வந்தார். மீசையும் மொபெட்டும் உள்ள மனிதர். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்.

"சார், அபிராமபுரத்துல வூடு சோக்கா கீது. மேல் போர்ஷன். ஓனரு பேங்க்ல இருந்து ரிட்டேர் ஆனவரு. உன் பேச்சக் கேட்டா சிலோன்னு அவுருக்கு இன்னா தெரியும்? நாகர்கோயிலுன்னு சொல்லு. மலையாளம் கலந்தாப்லதான் கீது."

"நாகர்கோவிலில் எனக்கு ஒரு தெருவும் தெரியாதே."

"வடசேரின்னு சொல்லு நைனா. அவுரு இன்னா, பஸ் ஏறிப் போயி பாக்கப் போறாரா?"

நாக்குக்கு ஏற்பாடு செய்தோம். கையைப் பற்றி இருவருக்குமே நினைவு வரவில்லை.

வீட்டுக்காரர் நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்றுடன், முழுக்கைச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மரியாதையானவர். "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். வானொலியில் ஏதோ கச்சேரி தாழ்ந்த சுருதியில் ஓடியது. எந்த ஊர், எத்தனை பேர், என்ன வேலை, சைவமா, எல்லாம் கேட்டார். நான் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னேன். அது மரியாதைக் குறைவாகத் தெரிகிறதே என்று எடுத்துத் தொடையில் வைத்தேன். கால்சட்டையில் கைகளின் வடிவம் இரண்டு கறுத்த திட்டுகளாகப் படிந்தது.

அப்போது அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "சாப்பிடுங்கோ. ஆறிடப் போறது." வெள்ளி போலத் தேய்த்த எவர்சில்வர் தம்ளர். எங்கள் ஊரில் உதட்டில் வைத்துத்தான் குடிப்போம். இங்கே சில வீடுகளில் எச்சில் படாமல் தூக்கி ஊற்ற வேண்டும் என்பதை அலுவலகத்தில் பார்த்துக் கற்றிருந்தேன். கற்றதைக் காட்டும் ஆசையும் இருந்தது. தம்ளரைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். அது விரல்களுக்கிடையே மீன் போல நழுவியது. காபி என் சட்டையிலும் அவர்கள் மொசைக் தரையிலும் கொட்டியது. தம்ளர் உருண்டு போய் வானொலி மேசையின் காலில் இடித்து நின்றது.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று அந்த அம்மாள் துணி எடுக்க ஓடினார். வீட்டுக்காரர் தரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். விரல் நுனியில் துளி நின்றது.

"ஏன் இப்படி வேர்க்கறது? மார்கழி மாசம். நான் ஸ்வெட்டர் போட்டுண்டு உக்காந்திருக்கேன். எதுக்குப் பயந்துண்டு இருக்கேள்?"

"பயமில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இப்படி."

"நாகர்கோவில்லே எங்கேன்னேள்?"

வடசேரி என்ற சொல் என் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அது கூடுதலாக வேர்க்கும். அதற்கு மருந்தில்லை. இந்த மனிதர் நல்லவராகத் தெரிகிறார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நான் யாழ்ப்பாணம், போலீசில் பதிந்திருக்கிறேன், மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள், கை வேர்ப்பது ஒரு வியாதி, வேறொன்றுமில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஊர், வியாதி, இரண்டும் உண்மை. அவர் முதல் உண்மையை உடனே நம்பினார். இரண்டாவதை நம்பவில்லை.

"அதானே பார்த்தேன்" என்றார். எழுந்து நின்றார். "தப்பா நினைச்சுக்காதேங்கோ. ஆத்துல வயசுப் பொண்ணு இருக்கா. நமக்கெதுக்கு வம்பு?" வாசல் வரை வந்து வழியனுப்பினார். கைகூப்பினார்.

மொபெட்டைக் கிளப்பாமல் கஜபதி என்னையே பார்த்தார். "நாக்குதான் ராங் பண்ணும்னு பாத்தேன். கை இப்டி காட்டிக் குட்த்துடுச்சே சார். வெயில் காலத்துல வா, பாக்கலாம்." கேலியாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிறு ரஞ்சியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கோபித்தாள்.

"ஏனப்பா உண்மையைச் சொன்னனீங்கள்? அண்டைக்குச் சென்ரியிலை சொன்ன மாதிரிச் சொல்லியிருக்கலாமே."

சென்ரி என்று எங்கள் ஊரில் சோதனைச் சாவடியைச் சொல்வோம். கல்யாணமான புதிதில் நானும் அவளும் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு வரிசையில் நின்றோம். ஓர் இளம் சிப்பாய் ஆண்களின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான், காய்ப்பும் தழும்பும் தேடி. என் கையைத் தொட்டதும் வெடுக்கென்று விட்டான். தண்ணீர் சொட்டியது. அவன் முகம் மாறியது. அவனுக்கு என் மொழி தெரியாது. சற்றுத் தள்ளி ஒரு தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. நான் அதைக் காட்டி, கையோடு கையைத் தேய்த்து, கழுவினேன் என்று சாடை செய்தேன். அவன் பீப்பாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போ என்று தலையை ஆட்டினான். மொழி தெரியாதவனிடம் ஒரு பொய் சொல்லி உயிரோடு வந்தேன். மொழி தெரிந்தவரிடம் உண்மையைச் சொல்லி வீட்டை இழந்தேன். ரஞ்சியின் கணக்கில் பிழையில்லை.

கஜபதி கேலியாகச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கத்தரி வெயில் வரை காத்திருந்தேன். அண்ணன் குடும்பத்தின் பயணமும் நல்லவேளையாகத் தள்ளிப்போனது. மே மாதம் அடையாறில் ஒரு சிறிய வீடு. முன்பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார், பின்பகுதி வாடகைக்கு. நாங்கள் போன பகலில் மின்சாரம் இல்லை. அந்த அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். கஜபதியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லோரும் சொட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னென்பது!

"என்னா வெயிலு போங்க! உங்க நாகர்கோயில்லயும் இப்படித்தானா?"

"கடற்காற்று இருக்கும் டீச்சர்" என்றேன். அது பொய்யாகாது, இரண்டு ஊருக்கும்.

சொம்பில் தண்ணீர் தந்தார். தூக்கிக் குடித்தேன், பாதி நெஞ்சில் கொட்டியது. "நல்லா ஊத்திக்குங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்று சிரித்தார். அன்றைக்கே சாவி கிடைத்தது.

அதன் பிறகு நாங்கள் நாகர்கோவில்காரர்கள். ரஞ்சி தேவைக்கு மேல் பேசுவதில்லை. டீச்சரம்மா அவளை அமைதியான பெண் என்று தெருவில் புகழ்கிறார். என் ரஞ்சியை அறிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஊரில் அவள் வாய்க்குப் பயந்து மீன்காரர் நிறுவையில் கைவைக்கமாட்டார். தாரணி எங்களுக்குச் சிக்கல் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் போன சில வாரங்களில் அடையாறு முழுவதையும் நாவில் ஏற்றிக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் அவளுக்குத் தலைவாரும்போது ரஞ்சி அவள் கையைப் பிடித்து என்னிடம் நீட்டினாள். அந்தச் சின்ன உள்ளங்கை நனைந்திருந்தது.

மார்கழி மறுபடியும் வந்தது. விடிகாலையில் டீச்சரம்மா வாசலில் கோலம் போடுவார். தாரணி பக்கத்தில் குந்திக்கொண்டு, தானும் போட வேண்டும் என்றாள். நான் கதவு நிலையோரம் நின்று பத்திரிகை படித்தபடி பார்த்தேன். அவள் மாவை அள்ளினாள். அது விரல்களின் இடையே இறங்கவில்லை. குழைந்து கட்டியாக விழுந்தது. மறுபடி அள்ளினாள், கையெல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டது.

"ஏண்டி கண்ணு, கை இவ்ளோ ஈரமா இருக்கு? இந்தக் குளிர்ல?"

பத்திரிகை என் கையில் நனைந்தது. தாரணி நிமிர்ந்தாள். தயங்கவேயில்லை.

"கை கழுவிட்டு வந்தேன் ஆன்ட்டி."

"தொடச்சுட்டு வா போ. மாவு ஒட்டுமில்ல."

அவள் உள்ளே ஓடிவந்தாள். நிலைக்கருகில் நின்று, அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எட்டி என் சட்டையை இழுத்தாள். மெல்லிய குரலில் கேட்டாள்:

"அப்பா, சரியாத்தானே சொன்னனான்?"

தலையசைத்தேன். அவள் போய்விட்டாள். பச்சை வண்ணம் பூசிய நிலையில் ஐந்து விரலோடு ஒரு வெள்ளைக் கைத்தடம் இருந்தது. டீச்சரம்மா திரும்புவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தேய்த்தேன். மாவு என் ஈரத்தில் கரைந்து பரவியது. கையை எடுத்துப் பார்த்தேன். நிலையில் இப்போது இருந்தது என்னுடைய கை.