‘அரைமலை அக்கா’ என்று சிரித்தவர்களுக்கு

தொழிற்சாலை இடைவேளையில் தொலைபேசி அடித்தது. நம் தேவாலயத் தமிழ்க் குழு நண்பர். "ஜெசிந்தா அக்கா எங்களை விட்டுட்டுப் போயிட்டா" என்றார். "எந்த ஜெசிந்தா அக்கா?" என்று நான் கேட்க, "எங்கட அரைமலை அக்காதான்" என்று விளக்கினார். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் துக்கத்தோடு வெட்கமும் வந்தது. காரணத்தை இந்த நினைவு மலரில் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

ஜெர்மனியின் இந்தப் பீலெஃபெல்டில் அவரை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. மன்னாரில் பிறந்தவர், இங்கே உறைந்த மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் பல வருடம் வேலை செய்தவர். பனிக்காலத்தில் நம் சனம் வீட்டுக்குள்ளேயே கிடந்து நோய்ப்படுகிறது என்று சொல்லி, வருடத்துக்கு ஒரு முறை ஹார்ஸ் மலைக்கு எங்களை நடக்கக் கூட்டிப்போவார். புறப்படும் முன் ஒவ்வொருவரின் உடுப்பையும் தொட்டுப் பார்ப்பார். "பருத்தியைப் போட்டுக்கொண்டு மலைக்கு வராதேங்கோ. முதல்ல வேர்வையைக் குடிக்கும், பிறகு உங்களைக் குடிக்கும்" என்பார்.

யூரோக் காசு வந்த அடுத்த பனிக்காலம். அந்தச் சோதனைக்கு அகப்படாமல் நழுவினேன். உள்ளே இரண்டு பருத்திச் சட்டை, மேலே புதுத் தோல் ஜக்கெட். என் வேகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று முன்னால் ஏறினேன்; வேர்த்துக் கொட்டியது. மரங்கள் முடியும் இடத்தில் காற்று அறைந்தது. நடுங்கினேன். பிறகு நடுக்கம் நின்றது. குளிர் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்; உடம்பு தோற்கத் தொடங்கும்போதுதான் நடுக்கம் நிற்கும் என்று தெரியாத மடையன்.

அக்கா எல்லோரையும் நிறுத்தினார். "ஜக்கெட் சிப்பை ஒருக்கால் திறந்து பூட்டுங்கோ." விரல்கள் வேலை செய்கின்றனவா என்று கிடங்கில் இப்படித்தான் பார்ப்பார்களாம். என் விரல்களுக்குச் சிப் அகப்படவில்லை.

"தம்பி, சரியோ?"

"ஓம், ஓம்" என்றேன். நாக்கு குழறியது. அகதியாக வந்த நாள் முதல் அதிகாரிக்கும் முதலாளிக்கும் ஓம் சொல்லியே பிழைத்தவர்கள் நாங்கள். முடியாது, ஏலாது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் மலையிலும் போகவில்லை.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எனக்கு ஏலாது. முழங்கால் பிடிக்குது, திரும்புவம். தம்பி, என்னைத் தாங்கிக்கொண்டு வாங்கோ."

உச்சிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அன்று கூட வந்த நீங்கள் முணுமுணுத்தபடி இறங்கினீர்கள். நான் அவரைத் தாங்கியதாகத்தான் உங்களுக்குத் தெரிந்தது. தாங்கியது அவர். மரங்களுக்குள் வந்ததும் மற்றவர்களைச் சற்று முன்னே நடக்கச் சொல்லிவிட்டு, என் ஈரச் சட்டைகளைக் கழற்ற வைத்தார். தன் பையிலிருந்த கம்பளி உடுப்பை மாட்டிவிட்டு, சீனி கூடப் போட்ட இஞ்சித் தேநீரை மிடறு மிடறாகக் குடிக்கத் தந்தார்.

அரை மலையோடு திரும்பியவர் என்று அன்று மாலையே பட்டப்பெயர் பிறந்தது. வேலைத் தோழிகளோடு அதற்கு முன்பே இரண்டு தடவை அந்த உச்சியைத் தொட்டவர் அவர். பகிடிக்கு எங்களோடு சேர்ந்து சிரித்தாரே தவிர, அதைச் சொல்லவில்லை; பின்னர் அந்தத் தோழிகளில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒருநாள் தாங்க முடியாமல், "உண்மையைச் சொல்லட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எனக்குப் பகிடி தாங்கும். உங்களைப் பகிடி பண்ணினா, அடுத்த முறை செத்தாலும் ஏலாது எண்டு சொல்ல மாட்டியள்."

அவர் தடுத்ததால் மட்டும் நான் வாய் திறக்காமல் இருக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

இப்படி ஒருவர் எங்கள் முன்னால் நடந்தார் என்பதில் எனக்குப் பெருமை. ஒருவரை உயிரோடு வீடு சேர்க்கத் தன் நல்ல பெயரைக் கொடுத்தவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ‘ஏலாது’ என்ற அந்த ஒரு சொல்தான். உங்கள் எல்லோர் முன்னிலும் இப்போது சொல்கிறேன்: அன்று ஏலாமல் போனது எனக்கு.