நாலு ஃபோல்டர் எதுக்கு சார்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, பாலக்கரையில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைகளுக்கு பில் மெஷின் செய்கிற கம்பெனி. மெஷினுக்குள் ஓடுவது, விண்டோஸ் மாதிரி, லினக்ஸ் என்கிற சிஸ்டம். அதில் புரோகிராம்களை வைக்க நாலு ஃபோல்டர். அந்தக் காலத்தில் டிஸ்க்கில் இடம் போதாமல் பிரித்தார்களாம். இன்றைக்கு எதற்கு? எங்கள் ஆபீசிலோ, எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு புரோகிராமையும் நாலிலும் காப்பி போட்டு வைப்பார்கள்.

ஒருநாள் சமயபுரத்திலிருந்து பூஜை சாமான் கடைக்காரர் போனில் கத்தினார். "நேத்துதானே சரி பண்ணீங்க? இன்னைக்கும் பில்லு பாதியிலயே நிக்குதுங்க!"

திருத்திய புரோகிராமை மூன்று ஃபோல்டரில் போட்டுவிட்டு நாலாவதை யாரோ விட்டிருக்கிறார்கள். மெஷின் சமர்த்தாக அந்தப் பழசையே எடுத்து ஓட்டியிருக்கிறது. திட்டு வாங்கியது நான். வந்ததே கோபம் எனக்கு! நேராக மேனேஜரிடம் போனேன்.

"நாலையும் ஒண்ணாக்கிடலாம் சார். பழைய இடத்துலல்லாம், 'அங்க போய்ப் பாரு'ன்னு ஒரு லிங்க் வெச்சா போதும்."

"கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படித்தாம்மா ஓடுது. கை வெக்காதீங்க. நின்னு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நின்னுச்சுன்னா நாளைலேர்ந்து வேலைக்கே வரலை, போதுமா?"

வாய் முந்திக்கொண்டது. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை.

ஆபீசில் இருந்த மெஷின் ஒன்றை எல்லோர் முன்னாலும் எடுத்து உட்கார்ந்தேன். பழைய காப்பிகளைத் தூக்கி எறிந்தேன். புதியவை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் போயின. பழைய இடங்களில் லிங்க் வைத்தேன். ஆன் செய்தால், ஸ்க்ரீன் கறுப்பாகவே நின்றது.

"சொன்னேன்ல?" என்றார் மேனேஜர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பென்டிரைவ் போட்டு, அதிலிருந்து மெஷினை எழுப்பி, உள்ளே போய்ப் பார்த்தேன். மெஷின் எழுந்ததும் முதலில் தேடுகிற பழைய இடத்தில் மட்டும் லிங்க் வைக்க விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். வைத்தேன். பில் கடைசி வரி வரைக்கும் சர்ரென்று வந்தது. அந்த வாரமே சமயபுரம் மெஷினையும், பிறகு மற்றவற்றையும் மாற்றினோம். கடைக்காரர் அப்புறம் கத்தவில்லை.

மேனேஜர் மட்டும் இன்னும் மாறவில்லை. புதுப் புரோகிராம் வந்தால் இப்போதும் நாலிலும் காப்பி போடுகிறார். போடட்டும். எங்கே போட்டாலும் அது போய் விழுவது நான் வைத்த ஒரே இடத்தில்தான். 'எப்பவும் இப்படித்தான்' என்று யார் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்க அன்று திறந்த வாயை நான் இன்றுவரை மூடவில்லை.