பாடாங் செராய்க்கு அப்பால் மூன்று மண்மேடுகள்

விடிந்ததும் பினாங்குத் துறையில் நீராவிப் படகேறி எதிர்க்கரையிலிருந்த பிறை என்ற ஊருக்கு வந்தேன். அங்கிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரை ரயில். கெடாவில் காட்டை வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த என் மாமாவுக்காகப் புதிய தோட்டங்களில் சேலை, வேட்டி விற்பது என் வேலை.

புக்கிட் மெர்தாஜாமில் மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றும்போது ரயில் நிலையக் குமாஸ்தா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பெயர் ஞானம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அவள் கணவன் சாமுவேல், நான் போகவிருந்த தோட்டத்தில்தான் இருந்தானாம்.

"உங்க வண்டியிலேயே ஏத்திக்குங்க. பாவம், தனியா வந்திருக்கு," என்றார்.

வழியிலிருந்த கூலிம் ஊருக்குப் பத்துக் கல் தொலைவு. முந்தின நாள் மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. சக்கரம் புதைந்தபோதெல்லாம் அவளும் இறங்கித் தள்ளினாள்.

"அவுக வந்து ரெண்டு வருசமாச்சு அண்ணே. ரெண்டு பேருக்கும் வேல இருக்கு, வந்துருன்னு ஆள் மூலமாச் சொல்லிவிட்டாக," என்றாள்.

நடுப்பகலில் கூலிமில் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். தோட்டத்தின் பெயரைக் கேட்ட கடைக்காரர் என்னை ஓரமாக அழைத்தார். "அந்தப் பக்கம் காய்ச்சல் ஜாஸ்தி தம்பி. பாத்துப் போங்க." நான் அதை ஞானம்மாளிடம் சொல்லவில்லை.

பாடாங் செராயைக் கடந்து, பிற்பகலில் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருந்த லயத்தின் முன் வண்டி நின்றது. கங்காணி வெளியே வந்தார்.

"சாமுவேல் பெஞ்சாதியா நீ?"

"ஆமாய்யா. அவுக வேலக்காட்டுல இருக்காகளா?"

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தாயி, அவன் போன மாசமே காய்ச்சல்ல போயிட்டான். ஊருக்குச் சொல்லி அனுப்பினோம். அதுக்குள்ள நீ கப்பல் ஏறிட்ட போல."

அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "எங்க வச்சிருக்கீக?" என்று மட்டும் கேட்டாள்.

ரப்பர் கன்றுகளுக்கு அப்பால், காட்டின் ஓரத்தில் மூன்று மண்மேடுகள். அடையாளம் எதுவுமில்லை.

"ஒரே வாரத்துல மூணு பேரு. குழி வெட்டினவன் வேற தோட்டத்துக்குப் போயிட்டான். எது அவனோடதுன்னு எனக்குச் சரியாத் தெரியல தாயி," என்றார் கங்காணி.

அப்போதுதான் அவள் கதறினாள். ஒவ்வொரு மேடாகத் தொட்டுத் தொட்டு, "இதுல இருக்கீகளா? இதுலயா?" என்று கேட்டாள். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஜெபம் சொல்லப் பாதிரியார் வேண்டுமென்றால் பினாங்கிலிருந்துதான் வரவேண்டும். குரல் கம்மிப்போன பிறகு முந்தானையால் தலையை மூடி, மண்மேடுகளின் முன் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, அவுக எதுல இருக்காகன்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும். ஒத்தையா வந்து நிக்கேன். எங்கூட இரும்."

லயத்திலிருந்து பின்னால் வந்திருந்த வள்ளியம்மை என்ற பெண் அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, இதுல ஒண்ணு என் தம்பி. பேரு மாரி. அவனுக்கும் சேத்துச் சொல்லுங்க."

ஞானம்மாள் கங்காணியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொருத்தர் பேரு என்னய்யா?"

"கண்ணுச்சாமி."

மூன்று பெயர்களையும் சொல்லி அவள் மீண்டும் வேண்டினாள். வள்ளியம்மை கும்பிட்டபடி நின்றாள். பிறகு ஞானம்மாள் மெல்லிய குரலில் ஒரு பாட்டுப் பாடினாள். முடிக்கும்போது குரல் நடுங்கவில்லை.

மறுநாள் வியாபாரம் முடிந்து கிளம்பும்போது அவளிடம் போனேன். "வண்டியில இடம் இருக்கும்மா. பினாங்குல உங்க கோயில் இருக்கு, பாதிரியார் இருக்கார்."

"இல்லண்ணே. ஊர்ல மட்டும் எனக்கு யாரு இருக்கா? வள்ளியம்மை தன்னோட இருக்கச் சொல்லுது. களையெடுக்கப் போறேன்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

"தூங்கினேன். கப்பல் ஏறினதுலருந்து நேத்துத்தான் நல்லாத் தூங்கினேன். அழுதேன், சொல்ல வேண்டியத ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டேன்."

எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் தெருவே கூடும். அழுகிறவளைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே முகம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில், ஒருத்தி தன் துக்கத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கி எழுந்திருந்தாள். அவள் நம்பியதை நான் நம்பியவனல்ல, இன்றும் அல்ல. ஆனால் அந்தக் காட்டோரத்தில் அவள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.