பச்சை இலை போட்ட பனியன்

செல்லத்தாய் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தால் ஒரு விட்ட தையலும் தப்பாது. சாத்தூர்ப் பக்கம் மழை பொய்த்ததும் கணவன் ராமரோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஊரும் உலகமும் பனியன்தான்.

ரிஜெக்ட் பீஸ் என்றால் திருப்பூரில் தனி மவுசு. வெளிநாட்டுக்காரன் போட வேண்டிய சரக்கல்லவா! தொண்ணூற்றாறு தீபாவளிக்குக் கம்பெனியில் குழந்தைகளுக்கான சிவப்பு பனியன்களை அள்ளிக் கொடுத்தார்கள். ஆர்டர் திரும்பிவிட்டதாம். ஏன் என்று யார் கேட்டார்கள்? செல்லத்தாய் முண்டியடித்து, நல்ல அடர் சிவப்பாகப் பொறுக்கினாள். அவளுடைய கைக்குழந்தை அதன் கழுத்துப் பட்டியை நாளெல்லாம் சப்பிக்கொண்டே கிடப்பான்.

கார்த்திகையில், சரக்கு வாங்கும் வெள்ளைக்கார பையர் வந்தார். பூமியைக் காப்பாற்ற உலகத்துப் பெரிய முதலாளிகள் எல்லாம் கூடிச் சட்டதிட்டம் வகுக்கிறார்களாம். மேனேஜர் வேலுமணி தமிழில் சொல்லச் சொல்ல, செல்லத்தாய்க்குக் கும்பிடவே தோன்றியது. பாவம், நம்பிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ராமர் பிள்ளையை அவளிடம் பால் குடிக்கத் தூக்கி வந்தான். அந்த முதலாளிகள் மாநாட்டில் காட்ட ஒரு படம் வேண்டும் என்று பையர் கேமராவோடு குனிந்தார். சிவப்பு பனியனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஏதோ அதட்டினார். வேலுமணி ஓடிவந்து அதைக் கழற்றி, பச்சை இலை போட்ட வெள்ளை பனியனை மாட்டினார். பிள்ளை சிரித்தான். பளிச்சென்று படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு வெள்ளை பனியனை உருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். அது சாம்பிளாம்.

"சிவப்புக்கு என்னங்க கேடு?" என்றாள் செல்லத்தாய்.

வேலுமணி குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சாயம் ஆகாதுங்களாம்மா. புத்துநோய் வருமுன்னு அவுங்க நாட்டுல தடை போட்டுட்டாங்க."

அவள் புறங்கையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "எம்புள்ள வாயில வச்சுச் சப்புறானே! தெரிஞ்சேவா எங்களுக்குக் குடுத்தீக?"

"சட்டம் அவுங்க நாட்டுக்குத்தானுங்க."

அந்தச் சிவப்பு பனியனை வேலுமணி அவளிடமே நீட்டினார். மனிதர் கூசவே இல்லை. செல்லத்தாய் அதை வாங்காமல், பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பையருக்கு நேரே போனாள்.

"அந்தப் படத்தைப் பாக்கிறவுக கிட்ட, எம்புள்ள அம்மணமா வீட்டுக்குப் போச்சுன்னும் சொல்லுவாகளா? கேளுங்க அவர்ட்ட!"

பையர் சிரித்த முகத்தோடு வேலுமணியைப் பார்த்தார். வேலுமணி, "தேங்க்ஸ் சொல்றாங்க சார்," என்றார்.